நூல் இழுக்காத ஆயில்

என் விரலுக்கு எஞ்சின் ஆயில் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னை விட்டது. செய்தித்தாளை இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஆயிலை எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

போன மாதம் மகன் காரைச் சர்வீசுக்கு விட்ட இடத்தில் ஒருவர் சின்ன பாட்டிலைக் காட்டி, "ஆயிலோட இதையும் கலந்து ஊத்திட்டா எஞ்சினுக்கு நல்லதுங்க" என்றார். மகன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு என் ஒன்பதாவது வயது வந்து எதிரே நின்றது.

அப்பா திருச்செங்கோட்டில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்தக் கார்தான், கிழட்டுக் கார். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் மூடியைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி என்னிடம் நீட்டுவார். நுனியிலிருக்கும் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து நான் சொல்ல வேண்டும். "தண்ணியாட்டம் ஆயிப்போச்சுங்கப்பா" என்பேன். "நெரநெரங்குதுங்கப்பா" என்பேன். நான் சொன்னது ஒரு தடவையும் தப்பியதில்லை. குச்சியைத் துடைக்க அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்று உண்டு. அது எனக்கு மட்டும்தான், அண்ணன் தொடக்கூடாது.

அந்த வருசம் கார் புகைவிட ஆரம்பித்தது. ஸ்டேண்டில் மற்ற டிரைவர்கள், "ஏனுங்க, இது காருங்களா, கரும்பாலைங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து புகைக்குழாயையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் மாமன் வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் கோழி வளர்த்தார், கோழி செத்தது. சோடாக் கடை வைத்தார், சோடா வெடித்தது. இந்த முறை சேலத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய டின்களோடு வந்திருந்தார். எஞ்சின் மருந்தாம். ஆயிலோடு கலந்து ஊற்றினால் கிழட்டு எஞ்சினும் குமரியாகிவிடுமாம்.

"ஒரே டின்னு ஊத்திப் பாருங்க மச்சான். பொகை நிக்கலையின்னா என்ற மீசைய எடுத்துப்போடறேன்."

மாமன் அந்தப் பக்கம் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார். "எஞ்சினுக்கு உண்டான ஆயிலே போதும். மருந்து பொகைய வேணா மறைக்கும், தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான். நல்ல எஞ்சின்ல ஊத்துனா இந்தப் பிசுக்கு ஆயில் போற ஓட்டையெல்லாம் அடைச்சு எஞ்சினையே கெடுத்துப்போடும்."

"உங்க எஞ்சினு எனக்கென்ன தெரியும். என்ற தம்பி கையால குடுத்தத வேண்டாமுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. டின்னை வாங்கி உடைத்தார். நானும் விரலை விட்டுப் பார்த்தேன். கொப்பரையில் பதம் வந்த வெல்லப்பாகு போல, விரலைப் பிரித்தால் நூல் இழுத்தது. அப்பா அதை மாமன் கண்ணில் படாமல் எடுத்துப்போய்க் கிணற்று ராட்டினத்தின் அச்சில் ஊற்றினார். வருசக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த ராட்டினம் அன்றோடு வாயை மூடியது.

மறுநாள் சேலத்துக்குச் சவாரி என்று போனவர் மூன்றாம் நாள் திரும்பினார். காரில் புகை இல்லை. வாசலில் நின்றிருந்த மாமன் அப்பாவை இறங்கவே விடவில்லை. வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்தார். அது வெள்ளையாகவே வந்தது. "அக்கா! இங்க வந்து பாரு!" என்று கத்திவிட்டு, கைக்குட்டையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்டேண்டுக்கு ஓடினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்த அப்பா, பாதி இறங்கியபடியே நின்றார்.

சாயங்காலத்துக்குள் எட்டு டிரைவர்கள் மறுநாள் காலையில் மருந்து ஊற்றுவதென்று முடிவாகிவிட்டது. அம்மா தம்பிக்குப் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒப்புட்டு இறங்கவில்லை. எட்டு எஞ்சின், எட்டு வீட்டு அடுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும், "அம்முணி, கெளம்பு. ஸ்டேண்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

"பொட்டப்புள்ளைக்கு அங்க என்னங்க வேலை?" என்றாள் அம்மா.

"சும்மா வரட்டும்."

ஸ்டேண்டில் டின்கள் வரிசையாக நின்றன. மூத்த டிரைவரின் காரில் ஊற்ற மாமன் முதல் டின்னை உடைக்கப் போனார். அப்பா எங்கள் காரின் மூடியைத் தூக்கினார். எல்லோரும் பார்க்கக் குச்சியை உருவி என்னிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லு அம்முணி."

அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நான். தேய்த்தேன். விரலைப் பிரித்தேன். திரும்பத் தேய்த்துப் பிரித்தேன்.

"இதுல மாமன் மருந்து இல்லீங்கப்பா. இருந்தா நூல் இழுக்கும்."

"என்ன சாமி சொல்ற? நல்லாப் பாரு!" என்றார் மாமன்.

"நல்லாத்தானுங்க மாமா பாத்தேன். அது எங்கூட்டு ராட்டினத்துல இருக்குதுங்க."

மூத்த டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அட, உங்க மச்சான் கெணத்துக்கல்லோ வைத்தியம் பாத்திருக்காரு! எனக்கும் ஒரு டின்னு குடுங்க, எங்கூட்டு ராட்டினமும் ராவும் பகலும் அழுகுது." ஸ்டேண்டே சிரித்தது. மாமன் மட்டும் சிரிக்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"சேலத்துல எஞ்சினப் பிரிச்சுத் தேய்ஞ்ச ரிங்கெல்லாம் மாத்துனேன் மாப்ளே. பொகை அதுலதான் நின்னுச்சு. வந்ததுமே சொல்லியிருக்கோணும்" என்றார் அப்பா, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மாமன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறிவிட்டுக் கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் குனிந்து, துண்டின் நுனியால் என் விரலைத் துடைத்துவிட்டார். "உங்கப்பன் சொல்லியிருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன். சொன்னது நீ. உங்கிட்ட எப்படிச் சாமி கோவிச்சுக்கறது?" என்று அவரும் சிரித்துவிட்டார். அந்த டின்கள் ராட்டினத்துக்கும் மாட்டுவண்டி அச்சுக்கும் என்று பரமத்தி வேலூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. மாமன் தோற்காத ஒரே வியாபாரம் அதுதான்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "நான் வராம இருந்திருந்தா என்னங்கப்பா பண்ணியிருப்பீங்க?"

"அதுக்குத்தான் சாமி கூட்டிட்டு வந்தேன்."

திருச்செங்கோட்டிலேயே ஆயில் பார்க்க என்னை விட்டால் ஆளில்லை என்று அவர் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் தம்பியிடம் தன் வாயால் சொல்ல முடியாத ஒன்றுக்கு என் விரலை அனுப்பினார் என்பது எனக்குக் கல்யாணமாகி, என் அண்ணன் மேல் யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கும் பொறுக்காது என்று தெரிந்த பிறகுதான் புரிந்தது. புரிந்த பின்னும் என் பெருமை ஒரு சொட்டுக் குறையவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேண்டு வரைக்கும், அங்கே நான் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.