கடைசியாக நடந்து வந்தவர்

முதுகுளத்தூரிலிருந்து நடந்து வந்த பாதயாத்திரைக் கூட்டம் ராமேஸ்வரம் கடலில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. என் மகள் மட்டும் அதில் இல்லை. அவளுடைய போனும் சுவிட்ச் ஆஃப்.

"கடைசியா வர்ற பச்சைக் கொடிக்காரரு இன்னும் வரலைக்கா. அவருக்குப் பின்னாடி யாரும் நடக்கக் கூடாது. உங்க பொண்ணு அவருக்கு முன்னாடிதான் வரும்," என்றார்கள் குளித்துக்கொண்டிருந்தவர்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சாலைக்கே போய் நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். பத்தடி பின்னால், தோளில் கொடியும் கழுத்தில் விசிலுமாக ஓர் ஒல்லியான மனிதர். நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பி, ஆளில்லாத சாலையைப் பார்த்தார்.

"ஏங்க இம்புட்டு நேரம்?" என்று கத்திவிட்டேன்.

"பிள்ளைக்குக் கால் பூராம் கொப்புளம்மா. வண்டியில ஏறுன்னா மாட்டேங்குது."

"நீங்களாச்சும் வெரசா நடந்திருந்தா அவளும் கூடவே வந்திருப்பாள்ல?"

"நான் முந்திட்டா உங்க பிள்ளதானம்மா கடைசி ஆளு."

மகளின் கையைப் பற்றிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன்; அவர் பின்னாலேயே வந்தார். கடலில் கால் வைக்கும் முன்பும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு யாரைத் தேடினாரோ, கேட்காமல் விட்டுவிட்டேன்.