கோடை லீவுப் பந்தி

மாமாவை நம்பி ஒரு படி உப்பு வாங்கிவரச் சொல்வதற்கும் எங்கள் வீட்டில் யோசிப்பார்கள். உப்புக்குப் போனவர் சாயங்காலமாகத் திரும்புவார். கையில் உப்பு இருக்காது. வழியில் யாரோ இரண்டு பேர் போட்டுக்கொண்ட சண்டையை விலக்கிவிட்ட கதை இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு கோடை முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்றால் அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். நான் நம்பித்தான் ஆக வேண்டும். அந்தப் பந்தியில் முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் வாழைத்தோப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு, தினமும் காவிரிப் பாலத்தைச் சைக்கிளில் தாண்டிப் பாலக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஆகவே பகலெல்லாம் மாமாவைத் திட்டுகிற பொறுப்பு முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்திருந்தது.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலில் நானும் ஆரோக்கியமேரியும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அவள். அவளுடைய அம்மா சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றப் போவார். ஒற்றைக்காலில் நாலாவது கட்டத்துக்குத் தாவியவள், கோட்டை மிதிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தபோது, அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டாள். தோற்றுவிடுவோம் என்று நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய், உப்புப் போட்ட கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்த பிறகுதான் ஆரோக்கியமேரிக்குக் கண் சரியாகத் திறந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டாள். அவள் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடம் இருந்திருந்தால் மத்தியானம் அங்கே சாப்பிட்டிருப்பேன் என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அம்மா இன்னொரு டம்ளர் கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள்.

அந்த வருடங்களில்தான் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு வந்திருந்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது, அடுப்பங்கரையையும் சேர்த்துத்தான் பூட்டினார்கள். அதைப்பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்த மாமா கையில் கிரீஸோடு நிமிர்ந்தார். "ஸ்கூலுக்கு லீவு விட்டா வயித்துக்கும் லீவு விட்டுருவாங்களாக்கா?"

"ரொம்பக் கவலையா இருந்தா நீ போய்ச் சோறு போடு" என்றாள் அம்மா. அது வழக்கமாகத் திட்டுகிற திட்டுதான். ஆனால் வாழ்க்கையில் முதல்தடவையாக மாமா அக்கா சொன்னதைக் கேட்டார்.

மறுநாள் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். கூடக் குழந்தை இருந்தால் கடைக்காரர்கள் சட்டென்று விரட்டமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அங்கே அரிசி மண்டி வைத்திருந்த செட்டியாரும், நேர் எதிரே வெங்காய மண்டி வைத்திருந்த ராவுத்தரும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் என்று மார்க்கெட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஒருவர் கடைக்குப் புதுப் பலகை மாட்டினால், மற்றவர் அந்த வாரமே தன் பலகைக்கு வண்ணம் அடிப்பாராம்.

மாமா நேராகச் செட்டியாரிடம் போனார். லீவு முடிகிறவரை பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடப்போவதாகச் சொன்னார். பிறகு, கொஞ்சமும் கூசாமல், "எதிர்க்கடை ராவுத்தர் வெங்காயம், உருளைக்கிழங்கெல்லாம் தன் பொறுப்புன்னுட்டாருங்க. அரிசிக்குத்தான் ஆள் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

ராவுத்தர் கடையில் நாங்கள் காலே வைக்கவில்லை. அவர் எதிரே, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, தான் கொடுத்துவிட்டது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். செட்டியார் கண்ணாடிக்கு மேலாக மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிர்க்கடையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் கடை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அங்கிருந்து தெருவைக் குறுக்கே கடந்து, செட்டியார் அரிசி கொடுத்துவிட்டார் என்று ராவுத்தரிடம் மாமா சொன்னார். இந்தமுறை அது உண்மை. ராவுத்தரும் சாக்குகளை எடுக்கச் சொன்னார். செட்டியாரிடம் சொன்ன பொய், நாங்கள் வீடு திரும்புவதற்குள் நிஜமாகிவிட்டது.

என்னால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா மாமாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "செட்டியாருக்குத் தெரிஞ்சா மூட்டையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவாருடா" என்றாள். அதற்குள் பாதியைச் சமைத்துவிட்டால் போகிறது என்றார் மாமா.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் காலியாகக் கிடந்த இடத்தில், அப்பாவும் அவருடைய பட்டறைச் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமை கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் காய்ச்சுகிற அண்டா அதுவரை சும்மாதானே கிடக்கும் என்று கேட்டு வாங்கினார்கள். இலைக்குத் தாத்தாவின் தோப்பு இருந்தது. மாமா திங்கட்கிழமை காலையில், சைக்கிளும் ஆளும் தெரியாத அளவுக்கு இலைக்கட்டோடு வந்து இறங்கினார். அம்மா திட்டிக்கொண்டே அடுப்பு மூட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

சாம்பார் மணம் வாய்க்கால் முழுக்கப் பரவியது. மத்தியானம் ஆயிற்று. ஒரு குழந்தைகூட வரவில்லை.

வரவில்லை என்று சொல்வதும் தப்பு. பந்தலைச் சுற்றி இருந்தார்கள். புளியமரத்துக்குப் பின்னால் நாலைந்து தலைகள், மதகின் மேல் இன்னும் சில. யாரும் உள்ளே வரவில்லை. மாமா கையைத் தட்டிக் கூப்பிட்டதும் இருந்தவர்களும் ஓடிவிட்டார்கள். ஆரோக்கியமேரியைத் தேடிப் போன என்னிடம் அவள் அம்மா, பள்ளிக்கூடத்தில் போடுவது சர்க்கார் சோறு, இது யார் வீட்டுச் சோறு என்று கேட்டார். திரும்பிவந்து அதை அப்படியே சொன்னேன்.

ஆவி பறக்கும் சோற்றுக்கு முன்னால் மாமா குந்தி உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்த்ததே இல்லை; சொல்வதற்குக் கதை எதுவும் இல்லாத மாமா. அம்மா அவரையும் அண்டாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னையும் அண்ணனையும் இழுத்து நடுப்பந்தலில் உட்காரவைத்து இலை போட்டாள். சோறு பரிமாறிவிட்டு, தான் வருகிறவரை சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அம்மா என்ன பேசினாள் என்பதை ஆரோக்கியமேரி பிறகு எனக்குச் சொன்னாள். அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "எம் புள்ளைங்களுக்கும் இன்னிக்கி அங்கதான் சாப்பாடு. நீங்க அனுப்பலைன்னா அதுங்க ரெண்டும் அவ்வளவு பெரிய பந்தல்ல தனியா உக்காந்திருக்கும்" என்றாளாம். அவ்வளவுதான்.

ஆரோக்கியமேரி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புளியமரம் காலியாயிற்று. மதகு காலியாயிற்று. கடைசியில் இலை பற்றாமல், மாமா மூன்று பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுத் தட்டுகளை எடுத்துவர ஓடினார். அண்டாவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன்பிறகு நிற்கவே இல்லை. செங்குளம் பக்கத்திலிருந்து வந்தார்கள், வரகனேரியிலிருந்து வந்தார்கள். ஒருநாள் பூசணிக்காய்க் கூட்டு, ஒருநாள் உருளைக்கிழங்கு மசியல், வெயில் அதிகமான நாளில் நீர்மோர். நாலு வரிசை ஆறாயிற்று. வீட்டில் இருக்கும் சோற்றை விட்டுவிட்டு இங்கே எதற்குத் தினமும் உட்கார வேண்டும் என்று அண்ணன் முணுமுணுத்தான். அம்மா முறைத்ததும் உட்கார்ந்தான். நானோ வேறு கவலையில் இருந்தேன். செட்டியாரும் ராவுத்தரும் என்றைக்காவது பேசிக்கொண்டுவிட்டால் எல்லாம் போய்விடும். மலைக்கோட்டை தெரிகிற பக்கமாகத் திரும்பி, அவர்கள் இரண்டு பேரும் சண்டையாகவே இருக்க வேண்டும் என்று தினமும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அப்படியொரு வேண்டுதலை அவர் அதற்குமுன் கேட்டிருக்கமாட்டார்.

பிள்ளையார் கைவிட்டார். ஒருநாள் பந்தி நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பேரும் பந்தலுக்குள் நுழைந்தார்கள்.

மாமாவின் கையிலிருந்த சாம்பார் வாளி அப்படியே நின்றது. பிள்ளைகளும் ஏதோ புரிந்ததுபோல் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ராவுத்தர் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்துவந்து என் இலைக்கு முன்னால் நின்றார்.

"சைக்கிள்ல முன்னாடி உக்காந்து வந்த பாப்பாதானே நீ? அன்னிக்கி உங்க மாமா மொதல்ல யார் கடைக்கு வந்தாரும்மா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் கீற்றில் ஏதோ ஓட்டை இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அம்மா இருக்கிறதைச் சொல் என்பதுபோலத் தலையை அசைத்தாள். பக்கத்தில் ஆரோக்கியமேரியின் தம்பி மட்டும் எதையும் கவனிக்காமல் உருளைக்கிழங்கை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"செட்டியார் கடைக்கு" என்றேன்.

செட்டியார் மாமாவிடம் திரும்பினார். "அப்ப ராவுத்தர் தரேன்னு சொன்னதாச் சொன்னது?"

மாமா வாளியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேருமே குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. யாரு மொதல்லன்னுதான் தெரியல."

செட்டியாரின் முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் தோளிலிருந்த துண்டு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நீர்தான்யா முந்திக்கிட்டீர்" என்றார் ராவுத்தர் அவரிடம். "நான் பின்னால நிக்க முடியாது. ஸ்கூல் தொறக்கிற வரைக்கும் பருப்பு, எண்ணெய் எல்லாம் நம்மளோடது."

"அரிசியும் அதுவரைக்கும் வரும்" என்றார் செட்டியார். சொல்லிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகளின் வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா ஓடிப்போய் இலை போட்டார். பிள்ளைகள் மறுபடி சாப்பிடத் தொடங்கிய சத்தம், மழை பிடித்ததுபோல் பந்தலை நிறைத்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு, ராவுத்தர் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

லீவின் கடைசி நாளன்று வெல்லப் பாயசம் வைத்தோம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஆரோக்கியமேரி என்னை முந்திக்கொண்டு ஓடினாள். அந்த வருடம் முழுக்கப் பாண்டியில் என்னால் அவளை ஜெயிக்க முடியவில்லை. அடுத்த வருடம் பங்குனி பிறந்ததுமே, பந்தல் எப்போது போடுகிறீர்கள் என்று இரண்டு மண்டிகளிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள். மாமாவுக்கு அதற்குள் வேலை கிடைத்திருந்தது. லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மா திட்டாமல் அடுப்பு மூட்டினாள்.

ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரை ஒரே பந்தியில் உட்காரவைத்தவர் எங்கள் மாமா என்று அந்த முதல் கோடை முழுக்கத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். செட்டியாரும் ராவுத்தரும் பந்தியில் உட்கார்ந்த அன்று, அவர்களை வழியனுப்பப் பந்தல் வாசல்வரை போனவள் நான்தான். அங்கே ஒரே ஒரு குதிரைவண்டிதான் நின்றது. இரண்டு பேரும் அதில்தான் வந்திருந்தார்கள். பேசிக்கொண்டே அதிலேயே ஏறிப் போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரே வண்டியில் எப்படி வந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.