டச்சு மருந்தும் என் நடுக்கமும்

ஜாவாவிலிருந்து வந்த பாவா, அதாவது என் அக்காள் கணவர், விட்டுப்போன சீசாவை இருமல் மருந்தென்று நினைத்து, என் மனைவி ஒரு மடக்கு குடித்துவிட்டாள். லேபிளில் ஒரு வார்த்தையும் புரியவில்லை; ஜெர்மன் பாஷையாக இருக்கும் என்று நினைத்தேன். டாக்டரோ, "என்னா மருந்துன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம். படிக்க ஆள் தேடுங்க" என்றார்.

ஜெர்மனியோடு யுத்தம் நடக்கிற காலம் என்பதையும் மறந்து, திருத்தணிக் கடைத்தெருவில், "ஜெர்மன் தெரிஞ்சவங்க யாருனா இருக்கீங்களா?" என்று அலறினேன். தெருவே காலியாயிற்று.

கடைசியில், ஜெர்மன் பாதிரிகளின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த உபதேசியாரிடம் ஓடினேன். அவர் லேபிளைப் பார்த்துவிட்டு, "இது டச்சுங்க. மருந்து விஷயத்துல நான் ஊகிச்சு சொல்லமாட்டேன்" என்று, ஜாவாவில் டச்சு துபாஷியாக இருந்த பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரியிடம் அனுப்பினார். பஸ்ஸில் நான் அழுதேன். மனைவி வேர்க்கடலை தின்றாள்.

வியாபாரி படித்தார். "வாய் கொப்பளிக்கிற மருந்துங்க. ஒரு மடக்குக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆங், எனக்கு ஒண்ணுமில்ல. நடுங்கிகினு நிக்கிறாரே, இவருக்கு எதனா குடுங்க" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் எந்த அந்நிய சீசாவும், அந்தப் பாஷை தெரிந்தவர் படித்துத் தமிழில் சீட்டு ஒட்டிய பிறகுதான் எங்கள் அலமாரியில் ஏறும்.