ஸ்மார்ட் போர்டில் அழியாத மை

ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் கணித ஆசிரியை. எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்து மூன்று மாதமாகியும், கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஆசிரியர்கள் யாரும் அதைத் தொடவில்லை. துணி போட்டு மூடியே வைத்திருந்தோம்.

ஒருநாள் துணிந்து அதில் பாடம் நடத்தினேன். பாதியில், பழக்க தோஷத்தில், கையிலிருந்த மார்க்கரால் திரையிலேயே ஒரு கணக்கை எழுதிவிட்டேன். அது அழியாத மை. ஈரத்துணியால் தேய்த்தும் போகவில்லை. இனி ஒருவரும் இதன் பக்கமே வரமாட்டார்களே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஸ்டெல்லா உள்ளே வந்தார்.

"இன்னா டீச்சர், இதுக்கா அழுவுறீங்க? சாதா போர்டு மார்க்கர் கீதுல்ல, அத்த இதுமேலயே கிறுக்கி உடனே தொடைங்க. ஆபீஸ் போர்டுல நான் அப்டிதான் தொடைக்கிறேன்."

அப்படியே செய்தேன். இரண்டு மையும் சேர்ந்து வந்துவிட்டன. திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

நடந்ததை மற்ற ஆசிரியைகளிடம் மறைக்காமல் சொன்னேன். "நீங்க பண்ணதுக்கே அது கெடலையா? அப்ப நாங்களும் தொடலாம்" என்று சிரித்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் ஐந்து பேர் சேர்ந்து அதில் பழகுகிறோம். புதிதாக எது வந்தாலும், எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிக் கேட்டுவிடுகிறேன். ஸ்டெல்லாவிடமும் கேட்கிறேன்.