கைபேசியில் இடம் மாறிய படம்

பெரம்பலூரில் இருக்கும் நான், உறவினர்கள் படிப்பதற்காக ஒரு வலைப்பூ நடத்துகிறேன். எங்களோடு வசிக்கும் என் சின்ன மாமனார் சமீபத்தில் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு வாழ்த்து எழுதி, வலது ஓரத்தில் அவர் படத்தைச் சேர்த்தேன். அதற்குக் கீழே, காலமான தூரத்து உறவினர் ஒருவருக்கு ‘கண்ணீர் அஞ்சலி’ எழுதினேன். கணினியில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, மாமாவின் மைத்துனர் பூலாம்பாடியிலிருந்து பெரிய ரோஜா மாலையோடு அழுதுகொண்டே வந்தார். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தவர் மாமாதான்.

“யாருக்குய்யா மாலை?”

“உங்களுக்குத்தான் மச்சான்...” என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கைபேசியை வாங்கி வலைப்பூவைப் பார்த்தேன். சின்னத் திரையில் இடம் போதாமல் படம் கீழே இறங்கி, ‘கண்ணீர் அஞ்சலி’க்கு அடியில் போய் நின்றிருந்தது!

அதற்குள் சிறுவாச்சூரிலிருந்து உறவினர்கள் வேனில் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. மாமாவே அவர்களுக்கு போன் போட்டார்.

“நான்தான் பேசுறேன். ஆமா, செத்துப்போனவன்தான்! வேனைத் திருப்பாதீங்க. வந்து டிபன் சாப்ட்டுட்டுப் போங்க.”

இருபது பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டே, படத்தை வாழ்த்துக்கு மேலே தனி வரியில் நடுவில் வைத்துத் திருத்தினேன்.

இப்போது எதை எழுதினாலும் கைபேசியில் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறேன். மாமாவிடமும் ஒருமுறை காட்டிவிடுவேன்.

“இரும்மா, உசுரோட இருக்கேனான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்று கண்ணாடியைத் தேடுவார்.