பணிய லயத்துக்கு ஐந்து கிகாஹெர்ட்ஸ்

பனி மூடினால் வைஃபை போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நோர்வூட் கடைத்தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பதும் நான்தான். இந்த மலையில் எது கெட்டாலும் பழி பனிமேல்தான். போன் கீழே விழுந்து உடைந்தால்கூட, "பனியில கை வெறச்சிருச்சுங்க" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். பொம்பளை என்ன தெரிந்து பேசுகிறாள் என்ற பார்வை வேறு. நானும் விடுவதில்லை, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அப்படி வைஃபை போட்ட ஒரு தோட்டத்தில் ரோட்டோரக் கடை வரைக்கும்தான் ஃபைபர் வந்திருந்தது. அங்கிருந்து தேயிலைச் சரிவைத் தாண்டிக் கோயில் கம்பத்தில் ஒரு வைஃபை பெட்டி. கோயிலிலிருந்து பள்ளத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பணிய லயத்துக்கு இன்னொரு பெட்டி. மண்ணைத் தோண்டிக் கம்பி போட நிர்வாகம் விடாது. ஆகவே பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றில்தான் பேசிக்கொள்ள வேண்டும். எந்த அலையில் பேசவைப்பது என்பதை முடிவு செய்வதுதான் என் வேலை.

2.4 கிகாஹெர்ட்ஸ் இலை, சுவர் எதையும் ஓரளவு துளைத்துக்கொண்டு போகும். ஆனால் மெதுவானது. லயத்தில் ஆளாளுக்குப் போட்டுவைத்திருக்கும் ஹாட்ஸ்பாட் எல்லாம் அதே அலையில்தான் கூச்சல் போடும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் பெட்டிக்குப் பெட்டி நேராகத் தெரிய வேண்டும். கோயிலில் ஏறி நின்றால் பணிய லயம் பளிச்சென்று தெரிந்தது. யோசிக்காமல் ஐந்தில் போட்டேன். வீடுகளுக்கும் இரண்டு அலையையும் திறந்துவிட்டேன். இந்தப் பெட்டியில் அலைக்கு ஒரு ரேடியோதான். மூன்று ரேடியோ உள்ள பெட்டி வாங்கினால் பெட்டிகளின் பேச்சுக்கென்று தனி வழி கிடைக்கும்தான். தோட்டத்து இளைஞர்கள் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்கு எட்டவில்லை.

இதை நம்பிப் பணிய லயத்தில் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் வேலை பார்த்தவள். இப்போது அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே தமிழ் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை. முதலில் சோதனைக் காலம், பிறகுதான் உறுதி. வந்தது வினை. ஒருநாள் கடைக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"அக்கா, பின்னேரமானா கோல் அறுந்து அறுந்து போகுது. பனி ஏறுனாலே இப்பிடித்தான்."

"பனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பனியப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, நான் வரவே மாட்டேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள். "திரும்பக் கொழும்புக்கே வரச் சொல்றாங்கக்கா. இல்லாட்டி வேலைய விட்டு நின்னுக்கச் சொல்றாங்க. புள்ள இப்பதான் என்னைய அம்மான்னு கூப்புடுது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பெட்டியிலிருந்து அவள் மேசைக்கு நேராகக் கம்பி போயிருந்தது, அதிலும் குறையில்லை. அவள் கோலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். பெயருக்குத்தான் இருந்தது அது. வாசற்படியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னேரம் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. கோல் அறுந்தது. என் முகத்தில் அசடு வழிந்தது.

அப்புறம்தான் லயத்தைப் பார்த்தேன். பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்து தெரியாமல் வீட்டுக்குள் ஓடினார்கள். கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்குள் எல்லா வீட்டிலும் வீடியோ. பனி அலையைத் தடுக்கவில்லை. ஆட்களை உள்ளே தள்ளியது. லயத்து வீடியோ எல்லாமும் கோயில் பெட்டியோடு நடக்கும் பேச்சும் ஒரே ரேடியோவில் முட்டிக்கொண்டு நின்றன.

வழி ஒன்றுதான் இருந்தது. ஐந்து கிகாஹெர்ட்ஸைப் பெட்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீடுகளை எல்லாம் 2.4-க்குத் தள்ள வேண்டும். கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. எல்லோரையும் வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஒருத்தியின் பிழைப்பு என்றதும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை.

லயத்தின் கடைசிக் காம்பிரா வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மா ஒருவர் மட்டும் கேட்டார். "எம் மவன் மூஞ்சி தெரியுமா புள்ள?"

அவர் மகன் கட்டாரில் கட்டட வேலை. தினமும் பின்னேரம் வீடியோவில் வருவான். பெரியம்மாவைக் கணக்கில் எடுக்காமல் பேசிவிட்டேனே என்று இருந்தது.

"படம் கட்டம் கட்டமா ஒடையும் பெரியம்மா. அப்பப்ப நின்னுரும். சத்தம் நல்லா கேக்கும்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், "வேணாங்கக்கா. அவுங்களுக்கு அந்த ஒரு மூஞ்சிதான். நான் கொழும்புக்கே போயிருறேன்" என்றாள்.

"போவ, போவ. கால ஒடிச்சிருவேன்" என்றார் பெரியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "வீடியோவுல பல்லக் காட்டிக்கிட்டே இருப்பான். நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சிரிச்சே ஏமாத்திப்புடுவான். சத்தம் போதும் எனக்கு. மாத்து புள்ள."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் காரணமில்லாமல் அதட்டினேன். மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பனி எவ்வளவு ஏறினாலும் அவள் கோல் அறுந்ததில்லை. சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதியானதைச் சொல்லப் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். அது பின்னால் நடந்தது.

அன்று நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மாவின் போன் அடித்தது. படம் நாலு கட்டமாக நின்றது. வீடியோவை நிறுத்திக் கொடுத்தேன். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"சாப்புட்டீங்களாம்மா? நான் நல்லா இருக்கேன்."

பெரியம்மா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஏன்டா அழுதிருக்க?" என்றார்.