அந்தக் கட்டத்தில் நான் எழுதிய பெயர்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மகள் பிறந்துவிட்டால் வாப்பாமார் அப்போதே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போவதும் அவர்தான். கல்முனையிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். நான் இப்போது இருந்து எழுதுகிற இந்த வீடும் உம்மா எனக்குத் தந்ததுதான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன சில வாரங்களில் எனக்கு வேலை கிடைத்தது. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், சைக்கிள் ஓடத் தெரியும். நிவாரண நிறுவனம் ஒன்றுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, கையில் ஒரு கட்டுப் படிவங்களைத் தந்து, பாடசாலையில் தங்கியிருந்த சனங்களிடம் அனுப்பிவிட்டார்கள். யாருக்குப் புதுவீடு கட்டிக் கொடுப்பது என்று பதிய வேண்டும். பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அக்கா முறையான, எங்கள் பக்கத்து ஒழுங்கை ராத்தா வகுப்பறையின் மூலையில் பாய் விரித்து இருந்தார். கடலோரத்தில் அவருடைய உம்மா கொடுத்த வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. உம்மாவும் போய்விட்டார். ஏழு வயது மகனும் போய்விட்டான். மிஞ்சியது ராத்தா, அவருடைய மனிசன், ஒரு மகள். மனிசன் கரைவலைக்காரர், அதிகம் பேசாதவர்; அண்ணன் முறையில் அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அவட பேரப் போடுங்க தங்கச்சி. வளவு அவட உம்மா குடுத்த. நான் வந்து இரிக்கிறவன்தானே."

படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"இதுல குடும்பத் தலைவர் எண்டு கேட்டிரிக்கி காக்கா. ஆம்புளட பேர்தான் போடணும்" என்றேன்.

அப்படிப் போடத்தான் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே சொன்னேன். அட்டை கழுத்தில் தொங்கினால் வாய்க்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. ராத்தா என் முகத்தைப் பார்த்து, "உம்மாட வீடெண்டு எங்கயும் வராதா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"பேர்ல என்ன ராத்தா இரிக்கி? வீடு உங்களுக்குத்தானே."

காக்கா கையெழுத்து வைத்தார். நான் அடுத்த பாய்க்கு நகர்ந்தேன். அன்று ஒரே மூச்சில் எத்தனையோ படிவங்களை நிரப்பினேன். எல்லாவற்றிலும் ஆண்களின் பெயர்கள்தான்.

கடலுக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்று சொல்லி, வயலை மண் போட்டு நிரப்பி, ஊரின் மேற்கே வீடுகள் எழுந்தன. காணி உறுதிப் பத்திரம் காக்காவின் பெயரில் வந்தது. அதை றப்பர் பையில் சுற்றி ராத்தாதான் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் அபிவிருத்தி செய்தோம். அந்தச் சொல்லை இப்போது சொல்லும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த நாட்களில் மனமார நம்பினேன். பெண்களை வட்டமாக உட்காரவைத்து, பெரிய தாளில் மரம் வரைந்து, வேர் எது, கிளை எது என்று கேட்போம். வறுமைக்கு வேர் எது என்று நான் கேட்டபோது ஒருத்தி "கடல்" என்றாள். இன்னொருத்தி "மாப்பிள்ளை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. "இரிக்க ஒரு இடம் நிலையா இரிந்தா மத்ததெல்லாம் செஞ்சிக்கிடலாம்" என்றார். அதை நான் அழகான எழுத்தில் தாளில் எழுதிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், எங்கள் திட்டத்தில் உருப்பட்டது அவருடைய குழு ஒன்றுதான். மற்றவர்களுக்குக் கொடுத்த தையல் மெசின்கள் கட்டிலுக்கடியில் துருப்பிடித்தன. ராத்தா தன் வீட்டு முன்மண்டபத்தில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைத்தார். கல்முனைக் கடைகள் ஆளனுப்பி எடுத்தன. நாலு பெண்களும் பிள்ளைகளைத் திரும்பப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். எங்கள் நிறுவனம் அந்த வீட்டு வாசலில் ராத்தாவை நிறுத்திப் படம் எடுத்து அறிக்கையின் அட்டையில் போட்டது. நான் அதை உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன வாரம் பிரதான வீதியில் பட்டாசு வெடித்தது. அடுத்திருந்த தமிழ்க் கிராமங்களில் சத்தமே இல்லை. எங்கள் அலுவலகமும் மூட்டை கட்டத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. மேசை கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில்தான் செய்தி வந்தது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

ராத்தா இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்கவேண்டும். அந்த நாட்களுக்குள்தான் காக்காவின் மூத்த சகோதரர் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனார். வீடு தன் தம்பியின் பெயரில் இருக்கிறது. தம்பிக்கு ஒரே மகள். மார்க்கத்தின் பங்கீட்டில் மகளுக்குப் பாதி, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் சகோதரருக்கு. கடல் கொண்டுபோன அந்த மகன் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் வந்திருக்காது.

ராத்தாவால் வெளியே வரமுடியாது. "எனக்காகப் போய்க் கதைங்க தங்கச்சி" என்றார். நான் போனேன். பள்ளிவாசலின் வெளி விறாந்தையில் நின்று, அந்தப் பெயரை எழுதியது நான்தான், பிழை என்னுடையது, அந்த வீடு ராத்தாவின் உம்மா கொடுத்த வளவுக்குப் பதிலாக வந்தது என்று சொன்னேன். பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ராத்தாவின் கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்.

"எங்களுக்குத் தெரியாதா மகள்? அது அவட வீடுதான். ஆனா உறுதியில அப்பிடி இல்லயே. மௌத்தானவரும் கையெழுத்து வெச்சிரிக்கார். நாங்க எதப் பாக்கிற?"

எங்கள் ஊர் வழக்கப்படி அந்த வீடு காக்காவுக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. நான்தான் ஒரு பேனையால் அதை அவருக்குச் சொந்தமாக்கினேன். அவர் செத்த பிறகு அவருடைய ஆட்களுக்கும் சொந்தமாக்கிவிட்டேன்.

சகோதரரையும் போய்ப் பார்த்தேன். அவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். ஒரு கெட்டவனைத் தேடித்தான் போனேன். என்னை வாங்குப் பலகையில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ட தம்பி பொண்டாட்டிட வயித்தில அடிக்க எனக்கு ஆசையா மகள்? எனக்கு மூணு பொம்புளப் புள்ள. மூத்தவளுக்கு முப்பது வயசாகப் போகுது. வீடில்லாம யார் வாற? நீங்க சொல்லுங்க."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அவருக்கு வீடு கொடுக்கும் படிவம் எதுவும் என் பையில் இருந்ததில்லை, ஏனென்றால் அவர் வீட்டுக்குக் கடல் வரவில்லை.

இத்தா முடிந்த மாதத்தில் வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. ராத்தா மறுக்கவில்லை. கலியாணமாகாமல் இருந்த அந்த மூத்தவளை நினைத்து, "அதுவும் ஒரு குமர்தானே" என்றார். முன்மண்டபம் சகோதரரின் பக்கம் போனது. மெசின்கள் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தன. மாரி பிறந்ததும் சாரல் அடித்துத் துணிகள் பூஞ்சணம் பிடித்தன, கடைக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நாலு பெண்களில் இருவர் வெளிநாடு போய்விட்டார்கள். மற்ற இருவரும் திரும்பவும் வீடுவீடாக இடியப்பம் அவித்துக் கொடுக்கப் போனார்கள். மகளுக்குப் பாலமுனையிலிருந்து பேசிவந்த இடமும் தட்டிப்போனது. அவர்கள் வந்து அந்தச் சுவரைப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிறகு தகவல் அனுப்பவில்லை.

வறுமையிலிருந்து மீண்ட பெண் என்று நாங்கள் அட்டையில் போட்ட வாசலில் இப்போது வேறு ஒருத்தியின் செருப்பு கிடந்தது. மெசினும் பயிற்சியும் கடைத்தொடர்பும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவற்றை வைக்க நிலையான ஓர் இடம் வேண்டும் என்று ராத்தா அந்த மரம் வரைந்த நாளிலேயே சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேனே தவிர, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை விட்ட ஒரு மத்தியானம் ராத்தா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படிவம். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். குவைத்தில் வீட்டு வேலை, கெதியாகத் தரச்சொல்லி முகவர் அவசரப்படுத்துகிறாராம். மகளைத் தன் சாச்சியிடம், உம்மாவின் தங்கையிடம், விட்டுவிட்டு, அவளுக்கு ஒரு துண்டு வளவாவது வாங்க முடியுமா என்று பார்க்கப் போகிறார். நாற்பது வயது தாண்டியவர்.

"உங்களுக்குத்தானே இதெல்லாம் நிரப்பிப் பழக்கம்" என்றார். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் பேனையை எடுத்தேன். முதல் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளில் எழுதத் தொடங்கியபோது அவர் குனிந்து பார்த்தார்.

"இதுல யார்ட பேர் போடுற?"

"உங்கட பேர்தான் ராத்தா."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்க. என்ட பேர் மட்டுமா?"

"ஓம். உங்கட பேர் மட்டும்தான்."

தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்ட விட்டுப் போறதுக்கெண்டா என்ட பேர் போதுமாக்கும்" என்றார். என் கையிலிருந்த பேனையை வாங்கி, நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.